பாக்கெட் போர்வை

என் வீட்டுக்காரர் சிங்கராயர் செத்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்து, பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட்ட இலையையும் எடுத்துப் போட்டு, இனி யாரும் வரமாட்டார்கள் என்று உறுதியான பிறகு, நான் அவருடைய இருபத்திரண்டு சட்டைகளையும் பீரோவிலிருந்து இறக்கி, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, அதற்கப்புறம் கத்தரிக்கோலால் வெட்டினேன். வெட்டப்போகிற துணிக்கு எதற்குக் கஞ்சி என்று எதிர்வீட்டுக் கோமு கேட்டாள். கசங்கின துணியை வெட்டினால் கோணல் வரும், கோணல் வந்தால் எனக்குத் தூக்கம் வராது என்றேன். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் செத்தவர்களின் துணிமணியை முப்பது கழிந்ததும் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடுவது உண்டு. நானும் கொடுத்திருப்பேன், அந்த மனுஷன் சட்டையில் ஒன்றாவது காலர் நைந்துபோகாமல் இருந்திருந்தால். பிய்ந்த காலரைத் தானம் செய்துவிட்டு மோட்சத்துக்கு வழி கேட்கிற புத்தி எனக்குக் கிடையாது.

ஆகவே பேட்ச் ஒர்க் போர்வை தைத்தேன். கான்வென்டில் எங்களுக்குத் தையல் எடுத்த பெர்னதீன் சிஸ்டர், யார் என்ன தைத்துக் கொண்டுபோய்க் காட்டினாலும் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், நேராகப் பின்பக்கத்தைத் திருப்புவார், அங்கே ஒரு நூல் தாறுமாறாக ஓடியிருந்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். அந்தப் பயம் ஐம்பத்துநாலு வயதிலும் என் விரலை விட்டுப் போகவில்லை. நடுவில் சட்டைத் துண்டுகள், சுற்றிலும் கரைக்கு என் மாமியாரின் கூறைச்சேலை ஜரிகை, ஒரு மூலையில் என் அப்பா பூசைக்குக் கொண்டுபோகும் கைக்குட்டை, இன்னொரு மூலையில் என் மகள் ரெஜினாவின் ஞானஸ்நானக் கவுனில் இருந்த லேஸ். ரெஜினா உயிரோடுதான் இருக்கிறாள், மஸ்கட்டில். ஆனாலும் அவளிடமிருந்து போன் வருகிற லட்சணத்துக்கு அவளையும் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று தோன்றியது.

சட்டைகளில் ஒன்றை மட்டும் பாக்கெட்டோடு அப்படியே வைத்துத் தைத்தேன். அது நீலச் சட்டை. கல்யாணமான எட்டாம் நாள், மணப்பாடு கோயிலுக்கு என்று அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். ஆத்தூர்ப் பாலத்தில் வண்டி ஏறினதும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள், அளந்து வைத்தமாதிரி நேராக அந்த மனுஷனின் பாக்கெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா, சிரித்தார். அன்றோடு சரி. அவரோடு நான் பஸ் ஏறினது கிடையாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து, காபி குடித்து, சட்டையை மாற்றிப் பொத்தான் போட்டுக்கொண்டே "வாரியா?" என்பார். "குழம்பு யாரு வைப்பா, உங்க ஆத்தாளா?" என்பேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, போய், ஒரு டீ குடித்து, அதே பஸ்ஸில் திரும்பி வருவார். கோயிலுக்கும் இல்லை, சொந்தக்காரர் வீட்டுக்கும் இல்லை. மில்லில் டைம் கீப்பராக இருந்தபோதும் அப்படித்தான், ரிட்டயர் ஆன பிறகும் அப்படித்தான். முப்பத்தொரு வருஷம். அந்த ஒற்றை வார்த்தையைத் தவிர எனக்கென்று அவர் வாங்கி வந்ததும் ஒன்றுமில்லை, சொன்னதும் ஒன்றுமில்லை.

அடக்கத்தன்று அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் மாலையோடு வந்திருந்தார். "சாரு தங்கமான மனுஷம்மா, ஒரே ஒரு பிடிவாதம், பக்கத்து சீட்ல பைய வச்சுக்கிடுவாரு, எவ்வளவு கூட்டம்னாலும் ஒருத்தரையும் உக்கார விடமாட்டாரு" என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிகூட நின்றுகொண்டு வந்திருப்பாளே. வீட்டில்தான் அப்படி என்றால் ஊரிலுமா என்று பெட்டிக்குள் கிடந்தவரை மனசுக்குள் ஒரு தரம் திட்டினேன்.

அதனால், அந்த மனுஷன் தலைக்குள் நான் இருந்தேனா, இல்லை அடுப்பும் ஃபேனும் மாதிரி வீட்டில் ஒரு சாமானாகத்தான் இருந்தேனா, அது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. சொல்ல வேண்டியவர் செத்துப்போனார். ஆகவே தைத்தேன்.

போர்வை முடிந்த அன்று சாயந்தரம், கோயிலில் ஆறு மணி ஜெபத்துக்கு மணி அடித்தது. கட்டிலில் விரித்திருந்த போர்வையை மடிக்கப் போனபோது என் கை பழக்கதோஷத்தில் நீலப் பாக்கெட்டுக்குள் போனது. துவைக்கப் போடுமுன் பாக்கெட்டைத் துழாவாத பெண்டாட்டி யார் இருக்கிறாள். உள்ளே ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. எப்போதும்போல வெளியே எடுத்து, கசக்கி, "ஒரு தடவையாவது பாக்கெட்ட காலி பண்ணிட்டுப் போட்டா என்ன?" என்று சத்தமாகக் கேட்டேன். கேட்ட பிறகுதான் இரண்டு தண்ணீரில் அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட பாக்கெட் அது என்பது ஞாபகம் வந்தது. டிக்கெட் சூடாக, கண்டக்டர் மெஷினிலிருந்து அப்போதுதான் கிழித்தமாதிரி இருந்தது. திருச்செந்தூர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது மட்டும் தெரிந்தது. மீதி பொடி எழுத்து. கண்ணாடியை நான் ஊசி கோர்க்க மட்டும்தான் போடுவேன், மற்ற நேரத்தில் போட்டால் முகம் ஆந்தைமாதிரி இருக்கிறது.

மறுநாள் மணி அடித்ததும் இன்னொரு டிக்கெட். அதற்கு மறுநாளும். உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன மனுஷன் செத்த பிறகு தினமும் போகிறார் என்று கோமுவிடம் சொன்னேன். கோமு ஆச்சரியப்படவில்லை. அவள் வீட்டுக்காரர் வெள்ளத்துரை இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. உள்ளே போய் அவருடைய வாட்ச்மேன் காக்கிச்சட்டையை எடுத்துக்கொண்டு வந்து, "யக்கா, இந்தப் பாக்கெட்டையும் கொஞ்சம் வச்சுத் தச்சுருங்க" என்றாள், பக்கத்து வீட்டில் மாவு அரைக்கக் கொடுக்கிறமாதிரி. தைத்தேன். மணி அடித்தது. காக்கிப் பாக்கெட்டில் நாலு இருமல் மிட்டாய் இருந்தது. ராத்திரி வேலை முடிந்து வரும்போது அவர் வாங்கி வருகிற அதே மிட்டாய். கோமு ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, "இன்னும் அதே கடையிலதான் வாங்குதாரு" என்றாள்.

அப்புறம் எங்கள் காலனியில் மூன்று பிளாக்கிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். மொத்தம் முப்பத்தாறு வீடு. எல்லா வீட்டிலும் ஒரு சட்டை இருந்தது, பீரோவின் அடியில், பாச்சா உருண்டையோடு. இரண்டாவது பிளாக் ஜைனம்பு மட்டும் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றாள். அவளுக்கு இறந்தது அம்மா. "எங்க உம்மாக்குச் சேலதானக்கா, பாக்கெட்டுக்கு எங்க போவேன்?" என்றாள். வாஸ்தவம். ஆயுசு முழுக்கப் பாக்கெட் இல்லாமலே இருந்துவிட்டுப் போகிற ஜென்மம்தானே நாம். யோசித்துப் பார்த்து, "உங்க உம்மா சில்லறைய எங்க வைப்பாவ?" என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய்ச் சேலையைக் கொண்டுவந்தாள். நுனியை வெட்டி, முடிச்சுப் போட்டு, முடிச்சோடு போர்வையில் வைத்துத் தைத்தேன். மணி அடித்ததும் முடிச்சு தடித்தது. அவிழ்த்தால் இரண்டு ஏலக்காயும் ஒரு பால்பல்லும். ஜைனம்பு நாக்கால் தன் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மாக்களும் சித்திகளும் அக்காள்களும் முடிச்சு முடிச்சாக வந்து சேர்ந்தார்கள், போர்வையின் ஒரு பக்கம் காய்த்துத் தொங்குகிற மரம்மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்குள் விரிக்க இடமில்லாமல் மொட்டைமாடிக் கொடியில் போட்டோம். காலனிச் சங்கச் செயலாளர் தனுஷ்கோடி அறிவிப்புப் பலகையில் விதிமுறை எழுதி ஒட்டினார். ஈரத்துணி காயப்போட்டவர்கள் மாலை ஐந்துக்குள் எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு ஒரு பாக்கெட் அல்லது ஒரு முடிச்சு. இறந்தவர்களிடம் பத்திரம், நகை, பீரோ சாவி பற்றிக் கேட்டுச் சீட்டு எழுதி உள்ளே போடக்கூடாது. இதை எழுதி ஒட்டிவிட்டு அவரே முதல் ஆளாக அவருடைய அண்ணன் சட்டையோடு என் வீட்டுப் படியேறி, "அம்மா, ரெண்டு பாக்கெட் இருக்கு இதுல, ஒண்ணாத்தானே எண்ணணும்?" என்று கேட்டார். பங்குச் சாமியார் வந்து பார்த்தார். திருச்சபை இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார், கூடாது என்றும் சொல்லவில்லை என்றார், மறுநாள் மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் தன் அப்பாவின் சட்டைப் பாக்கெட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினார். மூன்றாவது பிளாக்கில் ஒருத்திக்குப் புருஷன் பாக்கெட்டில் வேறு எவளோ வைத்த ஹேர்பின் வந்தது. அவள் பாக்கெட்டைப் பிய்த்துக் குப்பைத்தொட்டியில் வீசினாள், காலையில் குப்பைவண்டி வருமுன் ஓடிப்போய்ப் பொறுக்கி, கழுவி, காயவைத்து, "பரவால்ல, தச்சுருங்க" என்று நீட்டினாள். தைத்தேன்.

இப்படியாகத் தினமும் சாயந்தரம் மணி அடித்ததும் மொட்டைமாடியில் பாக்கெட்டெல்லாம் லேசாக உப்பும், முடிச்செல்லாம் கனக்கும், பொரிகடலையும் பாக்குத்தூளும் மூக்குப்பொடி மட்டையும் பள்ளிக்கூடத்துப் பேனா மூடியும் மடித்த பத்து ரூபாயும் வரும், அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு, முகர்ந்து, கண்ணில் ஒற்றி, பிள்ளைகளுக்குக் காட்டி, சிரித்து, அழுது, சோறு பொங்க நேரமாயிற்று என்று படியிறங்கிப் போவார்கள். நான் நிற்பேன். என் கையில் திருச்செந்தூர் டிக்கெட் இருக்கும். "உங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்தாரா, கண்டக்டரா இருந்தாரா யக்கா?" என்று கோமு ஒருநாள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். டிக்கெட்டைக் கசக்கி, துணி கிளிப் போடுகிற கூடைக்குள் எறிந்தேன். அத்தனை பெரிய போர்வையை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையைத் தாடையில் இடுக்கி, மறுமுனையை முழங்காலில் பிடித்து, காற்றோடு சண்டை போட்டு, தனியாகத்தான் மடிப்பேன். ஒருத்தருக்கும் ஒரு தரமும் இருந்து பிடிக்கத் தோன்றவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வருகிற உதவியைவிடத் தாடை வலி மேல்.

ரெஜினா போன் செய்தாள். "மம்மி, டாடி எனக்கு ஏதாவது அனுப்புச்சாவளா?" என்றாள்.

"பஸ் டிக்கெட் அனுப்பியிருக்காரு. மஸ்கட்டுக்கு இல்ல" என்றேன்.

"உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான்."

அதற்குள் அவளுக்கு வேறொரு கால் வந்துவிட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி வந்தது. கல்லறைத் திருநாள். காலையிலேயே போய் அந்த மனுஷன் கல்லறையைக் கழுவி, செவ்வந்திப்பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். உப்புக்காற்றில் மூன்று தரம் அணைந்தது. நாலாவது தரம் ஏற்றும்போது எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. வாட்ச்மேன் வெள்ளத்துரைக்குத் தெரிகிறது, பெண்டாட்டிக்குத் தொண்டை கட்டும் என்று. எவளோ ஹேர்பின் சொருகின பாவி, அவன்கூட நேற்றுப் பெண்டாட்டிக்கு மல்லிகைப்பூப் பொட்டலம் வைத்திருந்தான். இவர் செத்தும் திருச்செந்தூருக்குத்தான் போகிறார், பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஈ காக்கையை உட்கார விடாமல். அப்படியானால் பதில் வந்துவிட்டது. நான் சாமான்தான். சாமானுக்கு எதற்கு ஒரு பாக்கெட்?

சாயந்தரம் ஐந்தரைக்கு மாடிக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன், தையலைப் பிரிக்க ஊசி முனை தெரிய வேண்டுமே. கொடிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நீலப் பாக்கெட்டைச் சுற்றியிருந்த துண்டின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தேன். நானே போட்ட தையல், லேசில் பிரிய மாட்டேன் என்றது. ஒரு பக்கம் பிரிந்தது, இரண்டாவது பக்கம் பிரிந்தது, மூன்றாவது பக்கமும் பிரிந்து, பாக்கெட் ஒரே ஒரு விளிம்பில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தபோது கோமுவும் ஜைனம்புவும் மற்றவர்களும் மேலே வந்துவிட்டார்கள்.

"யக்கா, என்ன செய்யுதிய?" என்று கோமு அலறினாள்.

"என் புருஷன், என் பாக்கெட். நான் என்னவும் செய்வேன்."

"அண்ணாச்சி பாவம்லா!"

"ஏட்டி, போ, உன் மிட்டாய நீ சப்பு."

மணி அடித்தது. முடிச்செல்லாம் தடித்தன, பாக்கெட்டெல்லாம் உப்பின, என் கைக்குள் இருந்த நீலப் பாக்கெட்டும் ஒரு மூச்சு எடுத்தமாதிரி அசைந்து, டிக்கெட் விளிம்புக்கு மேல் தலையை நீட்டியது. கசக்கத்தான் எடுத்தேன். ஆனால் மூக்கில் கண்ணாடி இருந்தது. இதுவரை பூச்சி ஊர்ந்தமாதிரி இருந்த பொடி எழுத்தெல்லாம் எழுத்தாக நின்றது. பஸ் பெயர். தேதி. தூத்துக்குடி, திருச்செந்தூர். அதற்கும் கீழே, முழு: 2.

"ஏட்டி கோமு, இங்க வா. இது என்ன நம்பரு?"

"ரெண்டுக்கா."

"ரெண்டுன்னா என்னது?"

"ரெண்டு ஆளுக்கா. ரெண்டு டிக்கெட்டு எடுத்திருக்காவ."

நான் எழுந்துபோய்க் கிளிப் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். நாற்பதுக்கு மேல் இருக்கும், உருண்டை உருண்டையாகக் கிடந்தன. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொன்றாக எடுத்து, பிரித்து, முழங்காலில் வைத்து நீவி, என்னிடம் நீட்டினார்கள். முழு 2. முழு 2. முழு 2. ஜைனம்பு நீவினது 2. செயலாளர் தனுஷ்கோடி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இதுவும் ரெண்டுதான்மா" என்றார். முப்பத்தொரு வருஷம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை, துவைக்கப் போடுமுன் என் கையாலேயே எடுத்து, கசக்கி, பார்க்காமல் எறிந்திருக்கிறேன். பையை வைத்துக்கொண்டு ஒருத்தரையும் உட்கார விடவில்லையாம். அது யாருடைய இடம் என்று அந்தக் கண்டக்டருக்குத் தெரிந்திருக்காது. எனக்கே தெரியாதே. குழம்பு யாரு வைப்பா என்று கேட்ட வாயை அந்த இடத்திலேயே தைத்துவிடலாம்போல இருந்தது, கையில் ஊசியும் இருந்தது.

அவர்கள் இறங்கிப்போன பிறகு பாக்கெட்டை மறுபடி வைத்துத் தைத்தேன். கண்ணாடி பனித்துக்கொண்டே இருந்தது. பின்பக்கம் நூல் தாறுமாறாக ஓடிவிட்டது, திருப்பிப் பார்த்தேன், அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குழம்பு வைக்காமல், ஒரு எலுமிச்சம்பழத்தையும் அவருடைய பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அதே பஸ். அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் மெஷினை அமுக்கப்போன விரல் நின்றது. "எத்தனைம்மா?" என்றார். "அவரு எத்தனை எடுப்பாரோ அத்தனை" என்றேன். கீழே பார்த்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்தேன். பழையகாயலில் கூட்டம் ஏறியது. மீன்கூடைக்காரி ஒருத்தி வந்து பையில் கை வைத்தாள்.

"ஆள் இருக்கு" என்றேன்.

"எங்க இருக்கு? பைதான இருக்கு?"

"வருவாரு."

"வண்டி ஓடிக்கிட்டிருக்கு, எங்கயிருந்தும்மா வருவாரு?" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்தினாள். நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் நடுவில் வந்து, "அந்த சீட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, நீ பின்னால போ ஆத்தா" என்றார். ஆத்தூர்ப் பாலத்தில் வண்டி ஏறினதும் வயிற்றைப் புரட்டியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தேன், கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன், ஆற்றுத்தண்ணீர் கீழே சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. திரும்பி உட்கார்ந்தபோது சிரிக்க ஒருத்தரும் இல்லை.

அன்று சாயந்தரம் இரண்டு பேர் என்று போட்ட அந்த டிக்கெட்டை மடித்து, நீலப் பாக்கெட்டுக்குள் நானே வைத்தேன். மணி அடித்தது. எல்லோருக்கும் அவரவருக்கு உள்ளது வந்தது. என் பாக்கெட்டைத் துழாவினேன். உள்ளே ஒன்றுமில்லை. நான் வைத்ததும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் வருவதில்லை. நான் வைப்பது போகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சேலை மாற்றிக்கொண்டே, "வாரியளா?" என்று ஒரு தரம் கேட்கிறேன். பதில் கிடையாது. நான் முப்பத்தொரு வருஷம் சொன்ன பதிலுக்கு அது எவ்வளவோ மேல். பஸ் ஏறுகிறேன், இரண்டு டிக்கெட் எடுக்கிறேன், யாராவது வந்து கேட்டால் ஆள் இருக்கு என்கிறேன், பிள்ளைத்தாய்ச்சி வந்தால் என் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டு வருகிறேன். பாலம் வரும்போது மட்டும் பக்கத்து சீட்டிலிருந்து பையை எடுத்து என்னோடு வைத்துக்கொள்கிறேன். பாலம் முடிகிறவரை அவர் உட்கார அந்த இடம் காலியாக இருக்கட்டும்.